பதினாலு ரசீதும் ஒரு குடும்பப் படமும்

1

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் புதிதாக வந்திருக்கும் கருவிகள், இங்குள்ளவர்களின் பணப் பழக்கங்கள், வீட்டு வழக்கங்கள் இவற்றைப் பற்றி ஊர் வாசகர்களுக்குச் சுவையாக நாலு விஷயம் எழுதும்படி பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். நானும் ஒப்புக்கொண்டு இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதற்குள் நுவரெலியாவில் ஒரு விசாரணைக்குப் போய்வர வேண்டியதாயிற்று. நான், என் மனைவி, என் மகள் மூவரும் போனோம். போய்வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. எழுதி வைத்த இரண்டு பக்கத்தையும் இன்று எடுத்துப் படித்தால் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. நன்றாகத் தூங்குகிற மனிதர் யாரோ எழுதியது.

கேட்டதையே எழுதுகிறேன். கருவிகளைப் பற்றியும் எழுதுகிறேன், பணத்தைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் எங்கே தொடங்கினாலும் பேச்சு எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தில்தான் வந்து முடியும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் முசிறிப் பக்கத்துக்காரன். இருபத்துநாலு வருஷமாக இந்த மலையில் இருக்கிறேன். ஹட்டனிலிருந்து ஐந்து மைல் மேலே ஒரு தோட்டத்தில் டீமேக்கர் வேலை. பச்சைக் கொழுந்து ஸ்டோருக்குள் வந்தது முதல் பெட்டிக்குள் தூளாகப் போகிற வரை அதற்கு நான் பொறுப்பு. தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்றுதான் சொல்கிறார்கள். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்கிற உத்தியோகம். இரண்டு பேருக்கும் என்மேல் முழு நம்பிக்கை கிடையாது.

2

முதலில் விஞ்ஞானம்.

ருஷ்யாக்காரர் ஒருவர் வானத்துக்குப் போய்ப் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கினார் என்று ரேடியோவில் சொன்ன மறுநாள், ஸ்டோரில் எல்லாரையும் கூப்பிட்டு வைத்து விளக்கம் சொன்னேன். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பூமியாக வைத்துக்கொண்டு, ஒரு தீக்குச்சியைச் சுற்றிக் காட்டினேன். எங்கள் அடுப்புக்காரர் சடையன் கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார். தேயிலையைக் காயவைக்கிற இயந்திரத்துக்கு விறகு போடுகிறவர் அவர். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

“ஏங்கய்யா, அவரு போன நாட்ட விட்டுட்டு வேற எங்கயாச்சும் எறங்கிட்டா, பெர்மிட்டு இருக்கான்னு கேக்க மாட்டாங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அது வேடிக்கைக் கேள்வியாகவே தெரியவில்லை.

சடையனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இயந்திரத்தில் சூடு பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் பொருத்தியிருக்கிறது. பாதரசம் எங்கே நிற்கிறதோ அதுதான் சூடு. அதில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. சடையன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கதவருகில் புறங்கையை நீட்டி ஓர் எண்ணைச் சொல்வார். இத்தனை வருஷத்தில் குழாய்க்கும் அவர் கைக்கும் இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. அதை நான் அவரிடம் ஒப்புக்கொண்டதுமில்லை. கருவி சொன்னால் உண்மை, கை சொன்னால் உத்தேசம் என்பதே என் கொள்கையாக இருந்தது.

ரேடியோ விஷயம் இன்னும் வேடிக்கை. கொழும்பிலிருந்து வருகிற தமிழ்ப் பாட்டை முசிறியில் என் மைத்துனர் துல்லியமாகக் கேட்கிறார். ‘உங்கள் இலங்கை வானொலி இல்லாமல் எங்களுக்குப் பொழுது விடிவதில்லை’ என்று எழுதுகிறார். எங்கள் மலை இடுக்கில் அதே பாட்டு வறுகடலை பொரிகிற சத்தத்தோடுதான் வருகிறது. கூரைமேல் கம்பி கட்டினேன், அந்தக் கம்பியை மரத்துக்கு இழுத்தேன், ஒன்றும் பயனில்லை. இலங்கையில் இருப்பவனை விட முசிறியில் இருப்பவனுக்கு இலங்கை தெளிவாகக் கேட்கிறது.

என் மகள் சுகுணாவுக்கு இந்தக் குறை இல்லை. கரகரப்புக்குள்ளேயே அவள் சிங்களப் பாட்டைப் பிடித்துக் கூடவே பாடுகிறாள். அவளுக்குப் பதினெட்டு வயது. ஹட்டனில் படித்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் மகளும் இவளும் ஒரே பெஞ்சு. இப்போதும் கணக்குப் போடும்போது அவள் உதடு சிங்களத்தில்தான் எண்ணுகிறது. நான் இருபத்துநாலு வருஷமாகப் பேசுகிற சிங்களத்தைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. “நீங்க பேசறது கடையில உருளக்கெழங்கு வாங்கத்தாம்பா ஆகும். ஆபீசுல போயி வாயத் தொறக்காதீங்க” என்பாள்.

இன்னொரு சின்ன விஷயம். நாங்கள் இருவரும் ‘ஊரில்’ என்று சொல்லும்போது முசிறியைச் சொல்கிறோம். அவள் ‘உங்க ஊர்ல’ என்கிறாள். எப்போது அந்த ‘உங்க’ வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுக்குக் கொழும்பில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. சேர வேண்டுமானால் இலங்கைப் பிரஜை என்று சான்று காட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இங்கே தானாகப் பிரஜையாகிவிட முடியாது, விண்ணப்பம் போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தச் சான்று என் விண்ணப்பத்துக்குள் இருக்கிறது. என் விண்ணப்பம் பத்து வருஷமாக ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. விசாரணை அதற்காகத்தான்.

3

அந்தப் படம் வந்த கதையைச் சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணமான மறு வருஷம் பாக்கியம் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும். மலையில் இருக்கிறவளானாலும் கடல் தாண்டிப் போய்த்தான் பெற வேண்டும். நாலு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று கணக்கு. குழந்தை பிறந்தது. அதற்குள் ஜப்பான் சண்டை கொழும்பு வரை வந்து குண்டும் விழுந்துவிட்டது. கப்பலில் இடமில்லை என்றார்கள். இடம் கிடைத்தபோது, கப்பலேறுகிறவர்களை நிறுத்தி வைக்கிற மண்டபம் காம்பில் பெர்மிட்டு இல்லை என்றார்கள். பெர்மிட்டு கிடைத்தபோது குழந்தைக்கு அம்மை போட்டது. நான் இங்கே தனியாக ஒரு குவாட்டர்ஸில் உட்கார்ந்து, பார்க்காத குழந்தைக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஹட்டனில் ஒரு படக்காரர் இருந்தார். கெட்டிக்காரர். அவரிடம் போய் என் படம் ஒன்று எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றேன். குழந்தை அப்பன் முகத்தைப் பார்க்கட்டும் என்று எண்ணம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தனியா ஒக்காந்திருந்தா பொண்டாட்டி இல்லாதவரு படம் மாதிரி இருக்கும் சார். குடும்பமாவே போட்டுத் தர்றேன்” என்றார்.

இது என்ன புதுமை என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கலாம். இங்கே அது அன்று சாதாரண வழக்கம். பிழைப்புக்காகச் சிதறிக் கிடக்கிற குடும்பங்கள். ஒரு அண்ணன் பினாங்கில், ஒரு தம்பி தலவாக்கலையில், அப்பா ஊரில். எல்லாரும் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் உட்கார வழியே கிடையாது. ஆகவே படக்காரர் உட்கார வைப்பார். தனித்தனிப் படங்களிலிருந்து ஆளை வெட்டி எடுத்து, ஒட்டி, விளிம்பைத் தூரிகையால் மெழுகி, மறுபடி ஒரு படம் பிடிப்பார். செத்துப்போன தகப்பனார் மகன் கல்யாணப் படத்தில் பின்னால் நிற்பார். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. குடும்பம் என்றால் இத்தனை பேர் என்று காட்டுவது, அவ்வளவுதான்.

எங்கள் கல்யாணப் படத்திலிருந்து பாக்கியத்தின் முகத்தை எடுத்தார். உட்கார்ந்த உடம்பு வேண்டும், மடியில் குழந்தை வேண்டும். அதற்கு அவரிடம் ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண். தோட்டத்துப் பெண்தானாம். அந்த மாதம்தான் வந்து படம் எடுத்துக்கொண்டு போனவள் வாங்க வரவேயில்லையாம். “கெடக்குது சார், யாருக்காவது ஒதவட்டும்” என்றார். அந்தப் பெண்ணின் தோளுக்குமேல் என் மனைவியின் முகம் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு நான். பின்புறம் கடையின் முத்திரை குத்தி, தேதி எழுதி, நீல மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒரு பிரதி ஊருக்குப் போனது. ஒன்றைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய விஞ்ஞான அதிசயம் எனக்கு இருக்கவில்லை. கடலையே இல்லாமல் செய்துவிட்டதே என்று தினமும் பார்ப்பேன்.

பாக்கியம் பதினாலு மாதம் கழித்து வந்தாள். இறங்கிய அன்றே அந்தப் படத்தின் முன்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம் நின்றாள்.

“இந்தக் கை யாரோடதுங்க?” என்றாள்.

நான் சிரித்துக்கொண்டே படக்காரரின் சாமர்த்தியத்தை விளக்கினேன். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதன்மேல் படிந்த தூசியைத் துடைத்ததுமில்லை. துடைத்ததெல்லாம் நான்தான்.

சுகுணா வளர்ந்தாள். பேச்சு வந்ததும் மடியில் இருக்கும் குழந்தையைத் தொட்டு “பாப்பா, நானு” என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? பள்ளிக்கூடத் தோழிகள் வந்தால் அந்தச் சுருட்டை மயிரைக் காட்டி, சின்ன வயதில் எனக்கு எப்படி இருந்தது பார் என்பாள். நாளாக ஆக எனக்கும் அது அவளாகவே தெரிந்தது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. தினமும் பார்க்கிற ஒரு பொருள், ஒரு தடவை நடந்த சங்கதியை மெதுவாக அழித்துவிடுகிறது.

4

அடுத்தது பணம். ஆசிரியர் கேட்ட தலைப்புகளில் அதுவும் இருக்கிறது.

தோட்டத்தில் பணத்தை நம்புகிறவர்கள் குறைவு. தோடாக மாற்றிக் காதில் போட்டால்தான் அது இருக்கிறது என்று அர்த்தம். சீட்டுப் பிடிப்பார்கள், சீட்டுக்காரர் முகத்தைத் தினமும் பார்க்க முடிவதால் அதில் நம்பிக்கை. தபாலாபீசுப் புத்தகத்தை நம்ப மாட்டார்கள். என் எண்ணம் நேர்மாறானது. தங்கம் திருட்டுப் போகும், சீட்டுக்காரர் ஓடிப் போவார், காகிதம் மட்டும் இருக்கும் என்பது என் கட்சி. வாங்கிய சாமான் சீட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டு, தபாலாபீசு ரசீது எல்லாவற்றையும் வளைந்த கம்பியில் கோர்த்து மாட்டி வைப்பேன். ஒரு கம்பி நிறைந்தால் இன்னொன்று. பாக்கியம் அதற்கு ‘காக்கா கூடு’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

பிரஜா உரிமைக்கு விண்ணப்பம் போடும் காலம் வந்தபோது அந்தக் கூடு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? மற்றவர்கள் ஒரு காகிதத்துக்குத் தோட்டம் தோட்டமாக அலைந்தார்கள். நான் கம்பியைக் கழற்றிக்கொண்டு ஹட்டனில் விண்ணப்பம் எழுதுகிறவரிடம் போனேன். சட்டத்தை அவர் விளக்கினார். ஆண் மட்டும் இங்கே இருந்தால் போதாது. மனைவியும் பிள்ளையும் இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். ஊருக்குப் போய்வரலாம், ஆனால் ஒரே தடவையில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது.

“சம்சாரம் ஊருக்குப் போயி எப்ப திரும்பினாங்க?” என்றார்.

எனக்குத் தேதி ஞாபகமில்லை என்றேன். அது பாதி உண்மை. தேதி ஞாபகமில்லை; நாலு மாதத்தில் வர வேண்டியவள் வெகு காலம் வரவில்லை என்பது நன்றாக ஞாபகம் இருந்தது.

“ஏதாச்சும் ஆதாரம் இருக்கா?”

படம் இருக்கிறது என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இந்த இருபத்திரண்டு நாளும் யோசித்துப் பார்த்துவிட்டேன். படத்தைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். குழந்தை பிறந்த ஐந்தாம் மாதத் தேதி. “அப்பறம் என்ன சார், கல்லு மாதிரி சாட்சி” என்று சொல்லி, அந்தத் தேதிக்கு முன்பாகவே மனைவியும் குழந்தையும் திரும்பிவிட்டதாக எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

நான் இங்கே விடாமல் இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். கம்பியிலிருந்து ஒரு கொத்து ரசீதை உருவிக் கொடுத்தேன். அந்தச் சண்டைக் காலத்தில் மாதந்தவறாமல் ஹட்டன் தபாலாபீசில் மணியார்டர் கட்டிய ரசீதுகள். தேதி, முத்திரை எல்லாம் தெளிவாக இருந்தன. நான் ஹட்டனில் இருந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி உண்டா?

மொத்தம் பதினாலு ரசீது. பதினாலிலும் பெறுபவர் பெயர் பாக்கியம். ஊர் முசிறி.

படமும் அந்த ரசீதும் ஒரே உறைக்குள் போயின. ஒட்டியவன் நான்.

5

விசாரணைக்கு ஹட்டனில் ரயிலேறி, நானுஓயாவில் இறங்கி, பஸ்ஸில் நுவரெலியா போனோம். பாக்கியம் பட்டுப் புடவைமேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். சுகுணா தலையை இறுக்கிப் பின்னி, சான்றிதழ்களை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்து மடியில் வைத்திருந்தாள். வழி முழுக்க எங்கள் இருவருக்கும் பாடம் நடத்தினாள். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும், அம்மா கதை சொல்லக் கூடாது, அப்பா சிங்களம் பேசக் கூடாது.

அதிகாரி என் வயதுக்காரர். மரியாதையான மனிதர், எங்களை உட்காரச் சொன்னார். அவர் இங்கிலீஷில் கேட்க, ஒரு மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழாக்கினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் தமிழ் பாக்கியத்துக்குப் பாதிதான் புரிந்தது. புரியாதபோது மகளைப் பார்த்தாள். என்னுடைய கேள்விகள் சீக்கிரம் முடிந்தன. வேலை, வீடு, வருமானம். எல்லாம் சரி. அதிகாரி கட்டைத் திருப்பிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தினார். ரசீதுகளை மேஜைமேல் ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தார். சீட்டாட்டத்தில் வைப்பது போல இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு. நடுவில் படத்தை வைத்தார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பத்து வருஷத்தில் ஒருநாள் கூட நான் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

அதிகாரி என்னிடம் கேட்கவில்லை. என் மனைவியிடம் கேட்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் படத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அம்மா, இந்தப் படத்திலை இருக்கிறது நீங்கள்தானோ?”

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தேன் என்பதை இங்கே எழுத முடியவில்லை. ஆமாம் என்றால் அது பொய்ச் சத்தியம். ரசீதுகள் கையும் களவுமாகப் பிடித்துவிடும். இல்லை என்றால் பதினாலு மாதம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கும் என்று, அந்த ஒரு கணம், வானத்தில் தேடுகிறவனைப் போலத் தேடினேன்.

பாக்கியம் படத்தைக் கையில் எடுக்கவில்லை. மேஜையில் இருந்தபடியே குனிந்து பார்த்தாள்.

“மொகம் என்னுதுங்க. கை என்னுது இல்ல.”

மொழிபெயர்ப்பாளர் மறுபடி கேட்டார்.

“நான் அப்ப ஊர்ல இருந்தேங்க. பதினாலு மாசம். புள்ளைக்கு அம்ம போட்டுருந்துச்சு. இந்தக் கை யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. பதினேழு வருசமா பாக்குறேன், தெரியல.”

“குழந்தை?”

“அதுவும் என்னுது இல்லீங்க. எம் புள்ள இந்தா ஒக்காந்திருக்கு.”

அதிகாரிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். பாக்கியம் தமிழில் கையெழுத்துப் போட்டாள். பிறகு அவர் என்னிடம் நேராக, மெதுவான இங்கிலீஷில், படத்தில் மனைவியை ஒட்டியிருக்கிறீர்கள், மீதிக் காகிதங்களில் எது ஒட்டியது எது ஒட்டாதது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். எனக்கு நல்ல இங்கிலீஷ் வரும். ஆனாலும் அன்று சண்டை, கப்பல், பெர்மிட்டு, அம்மை என்று பெயர்ச்சொற்களாகச் சொன்னேன்.

சுகுணா தகரத்தைத் திறக்கவேயில்லை. அவள் கண் அந்தப் படத்தின் மடியில் இருந்தது.

6

திரும்பும்போது ரயிலில் எங்கள் பெட்டியில் ஆளில்லை. ஒரு குகை போய் இன்னொரு குகை வருவதற்குள் அவள் கேட்டாள்.

“அப்பா, உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“எப்பருந்து?”

“ஆரம்பத்துலருந்து.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே தன் அம்மாவிடம், “அப்ப நான் எங்க இருந்தேன்?” என்றாள். அவளுக்கு அது தெரியாதது அல்ல. ஊரில் பிறந்தோம் என்று தெரியும். ஆனால் ஐந்து மாதத்தில் இந்த மலைக்கு வந்துவிட்டதாக, அந்தச் சுருட்டை மயிரோடு இங்கே தவழ்ந்ததாக ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்தக் கணக்கை நான்தான் கொடுத்திருந்தேன்.

“எம் மடியிலதான். எந்த ஊரா இருந்தா என்ன” என்றாள் பாக்கியம்.

கொட்டகலை தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாமே என்று பாக்கியத்திடம் சொன்னேன். மகளுடைய பயிற்சி, அவள் வாழ்க்கை என்று ஏதோ சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்கு யோசிக்கத் தெரியலீங்க,” என்றாள். “நான் பட்டது பதினாலு மாசம். பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு மண்டபத்துக் காம்புல ஒக்காந்திருந்தேன். நீங்க இங்க படத்துல என்னைய நாற்காலியில ஒக்கார வெச்சிட்டீங்க.”



7

இதுவரை எழுதி நிறுத்தி வைத்திருந்தேன். நேற்றுத் தபாலில் பதில் வந்தது.

கடிதம் சிங்களத்தில் இருந்தது. இப்போதெல்லாம் பல அலுவலகக் கடிதங்கள் அப்படித்தான் வருகின்றன. எனக்குச் சிங்களம் பேச்சளவில்தான், எழுத்து தெரியாது. ஆகவே எங்கள் தலையெழுத்தை எங்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டிய வேலையும் சுகுணாவுக்கே வந்தது. மேஜையருகே நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை வாசித்தாள்.

“‘விண்ணப்பதாரருடைய மனைவியும் பராயமடையாத பிள்ளையும் தொடர்ந்து இலங்கையில் வசிக்கவில்லை என்று தெரிவதால்.’ பராயமடையாத பிள்ளைன்னா மேஜராகாத புள்ள, நானு.”

குரல் மாறவில்லை. அடுத்த வரிக்குப் போனாள். விண்ணப்பத்தை ஏன் நிராகரிக்கக் கூடாது என்பதற்கு மூன்று மாதத்துக்குள் காரணம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நிராகரித்ததாக முடிவாகும். ரசீதுகளை வைத்துக்கொண்டார்கள். படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பின்புறம் படக்காரரின் பழைய முத்திரைக்குப் பக்கத்தில் இப்போது கோப்பு எண்ணோடு இன்னொரு முத்திரை இருந்தது.

“பதில் நான் எழுதறேன்” என்றாள். “என்ன எழுதணும்னு சொல்லுங்கப்பா.”

காரணம். பதினாலு மாதம் நடந்தது உண்மை. நான் எழுதிக் கொடுத்தது பொய். இரண்டையும் விட்டால் என்னிடம் என்ன காரணம் இருக்கிறது? அவளுக்கு அப்போது வயது ஒன்றுகூட ஆகவில்லை, அவளா கப்பலை நிறுத்தினாள் என்று எழுதலாம். அது காரணமா என்று எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் எழுதுகிறவரிடம் போகலாம் என்றால் அவர் கடையை மூடிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். விசாரணை முடிந்து வந்ததுமே துரையிடம் சொன்னேன், வருத்தப்பட்டார். சடையனிடம் சொன்னேன், அவர் விண்ணப்பம் போன வருஷமே தள்ளுபடியாகிவிட்டது என்று அப்போதுதான் சொன்னார். இத்தனை நாளும் பக்கத்தில் நின்று விறகு போட்டுக்கொண்டிருந்தவர்.

சுகுணா படத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தேதியை விரலால் தொட்டாள். அந்தக் கண்ணாடித் தகட்டின் கதையை விசாரணைக்குப் பிறகு அவளிடம் சொல்லியிருந்தேன்.

“இந்தப் புள்ளைக்கும் எனக்கும் ஒரே வயசுதான் இருக்கும், இல்லப்பா?”

“இருக்கும்.”

“அது அன்னிக்கு ஹட்டன்ல இருந்திருக்கு. அவங்க அம்மாவும் இருந்திருக்காங்க. தேதி போட்டு, சீல் குத்தி, எல்லாம் சரியா இருக்கு.” “இங்கதான் இருந்தோம்னு காட்ட அந்தப் புள்ளைக்கு இது ஒண்ணு போதும். அதுக்குத் தெரியாது.”

பாக்கியம் அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை மகளிடமிருந்து வாங்கினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள். முகத்தையல்ல, கையிருக்கும் இடத்தை.

“ஞாயித்துக்கெழம ஹட்டனுக்குப் போறப்ப இதக் கொண்டுபோங்க” என்றாள் என்னிடம். “படக்காரரு இல்லாட்டியும் அந்தப் பக்கம் யாருக்காச்சும் தெரியும். அந்தப் பொம்பள யாரு, எந்தத் தோட்டம்னு விசாரிங்க. அவங்களும் காயிதத்துக்கு அலஞ்சிக்கிட்டிருப்பாங்க.”

தலை வேறாக இருக்கிறதே, இதை யார் ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சரி என்றேன்.

படத்தை இப்போது பையில் வைத்திருக்கிறேன். பதில் எழுத வேண்டிய தாள் மேஜைமேல் இருக்கிறது. மேலே எங்கள் மூன்று பேர் பெயரையும் கோப்பு எண்ணையும் சுகுணா அழகான சிங்கள எழுத்தில் எழுதி, அதன்மேல் பேனாவை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதற்குக் கீழே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.